களமும் கதையும்: தமிழ்ப் புனைகதை அச்சேறிய வழிகளும் அதன் கலைத்திறனும்

தோற்றுவாய்

கதை எழுதக் கற்பது ஒன்று, எழுதிய கதையை அச்சேற்றுவது மற்றொன்று என இரண்டையும் வேறு வேறாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. முன்னது கலைஞனின் கடமை என்றும், பின்னது வணிகரின் தொழில் என்றும் பேசப்படுகின்றன. நாவலையும் சிறுகதையையும் பல்கலைக்கழகங்களில் பயிற்றும்போதும் இப்பிரிவினையே பெரிதும் நிலவுகின்றது. கதைக்கரு, பாத்திரப் படைப்பு, நோக்குநிலை, நடை ஆகியவை வகுப்பறையில் விரிவாக ஆராயப்படுகின்றன. அக்கதை எந்த இதழில் வந்தது, எத்தனை தவணைகளில் வந்தது, அச்சேறுமுன் அதனைப் படித்தவர் யார், பின்னர் நூலானபோது ஆசிரியர் எதனை நீக்கினார், எதனைச் சேர்த்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது.

தமிழ்ப் புனைகதையின் கலைத்திறன் அது அச்சேறிய வழியோடு பிணைந்தே வளர்ந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும். முதல் தமிழ் நாவல் வெளிவந்த 1879ஆம் ஆண்டு தொடங்கி, சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் நின்ற 1970ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தை எல்லையாகக் கொள்கிறோம். இக்காலப் புனைகதை வரலாற்றினைக் கா. சிவத்தம்பி (1967), க. கைலாசபதி (1968), சிட்டியும் சிவபாதசுந்தரமும் (1977) விரிவாக எழுதியுள்ளனர். அவர்கள் வகுத்த பெருவழியில் நின்றுகொண்டு, வெளியீடு என்னும் ஓர் இழையை மட்டும் ஈண்டுத் தனியே எடுத்து நோக்குவோம்.

அரங்கேற்றமும் அச்சும்

பழந்தமிழ் நாட்டில் ஒரு நூல் வெளிப்படும் முறை அரங்கேற்றம் ஆகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகின்றது. நூலாசிரியன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் முதலியவற்றைச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டும் என்று வகுத்த நன்னூலார், காலம், களம், காரணம் ஆகிய மூன்றனையும் உடன் சேர்த்துக் கூறுவாரும் உளர் என்று குறித்துள்ளார். களம் என்பது நூல் அரங்கேறிய அவை. நூலைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் அது வெளிப்பட்ட அவையும் ஒன்று எனக் கருதிய ஒரு மரபு நம்மிடம் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வவை வெறும் பாராட்டுக் கூட்டம் அன்று. ஆண்டு ஐயம் எழுப்புவாரும், குற்றம் காட்டுவாரும், விடை வேண்டுவாரும் இருந்தனர். நூலாசிரியன் விடைகூறி நிறுவ வேண்டும்; இயலாதவிடத்துத் திருத்த வேண்டும். எனவே திருத்தமும் வெளியீடும் அரங்கேற்றம் என்னும் ஒரே செயலின் இரு கூறுகளாக இருந்தன. நன்னூல் பாயிரம் நூற்கு ஆகாதனவாகக் கூறும் பத்துக் குற்றங்களும், வேண்டுவனவாகக் கூறும் பத்து அழகுகளும் இத்தகைய அவையில் பயன்பட்ட அளவுகோல்கள் எனக் கொள்வது பொருந்தும்.

அச்சு வந்தபின் இந்நிலை மாறியது. கையெழுத்துப் படி நேரே அச்சுக்கூடத்துக்குச் செல்லலாயிற்று. நூல் மிகப் பலரைச் சென்றடைந்தது. ஆயினும் அச்சேறுமுன் அதனைக் கேட்டுக் குறை கூறும் அவை மறைந்தது. அவ்வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்பதே தமிழ்ப் புனைகதை வரலாற்றின் முக்கியமான வினாக்களுள் ஒன்று என்று கருதுகிறோம்.

நேரே நூலாக வந்த நாவல்

மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவு இல்லை என்னும் குறையைப் போக்குவதே தம் நோக்கம் என்று ஆசிரியர் அதன் முன்னுரையில் கூறினார். அதற்கு முன்னரே நீதி நூலும் கீர்த்தனைகளும் இயற்றிப் புகழ்பெற்றிருந்த அவர், நாவல் என்னும் வடிவத்துக்கு வந்தபோது தமிழில் பின்பற்றுதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை.

இந்நாவலின் சிறப்பும் குறையும் அறிஞர் பலரால் எடுத்துக் காட்டப்பட்டுள்ளன. நகைச்சுவை, தெளிந்த நடை, ஆண் வேடம் பூண்டு அரசு புரியும் ஞானாம்பாளின் பாத்திரப் படைப்பு ஆகியவை சிறப்புகள். கிளைக்கதைகளும், நீதியுரைகளும், நீதிமன்றங்களில் தமிழ் வழங்கவேண்டியதன் இன்றியமையாமை போன்ற பொருள்பற்றிய நீண்ட உரைகளும் கதையோட்டத்தை அடிக்கடி நிறுத்துகின்றன என்பது குறை. நன்னூலார் மொழியில் கூறின் இது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின் பாற்படும்.

இக்குறையை ஆசிரியரின் திறமைக் குறைவாகக் கொள்வது பொருந்தாது. தவணை தவணையாக வெளிவந்து படிப்போர் கருத்தை அறிந்து செல்லும் வாய்ப்பு இந்நூலுக்கு இல்லை. நாவல் இலக்கணம் அறிந்த அவையும் அன்று தமிழகத்தில் இல்லை. எங்கே படிப்போர் சோர்வர், எங்கே மகிழ்வர் என்று அறிதற்கு ஆசிரியர் தம் ஊகம் ஒன்றையே நம்ப வேண்டியிருந்தது. அந்நிலையிலும் இத்துணைச் சுவையுடைய நூல் பிறந்தது என்பதே வியப்புக்குரியது.

தவணையில் வந்த நாவல்கள்

அடுத்த கட்டம் இதழ்களோடு தொடங்குகின்றது. வத்தலக்குண்டில் பிறந்த பி. ஆர். இராஜம் ஐயர் (1872–1898), சி. வி. சுவாமிநாதையர் நடத்திய ‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் 1895 வரை ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திர’த்தை எழுதினார். தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1896ஆம் ஆண்டு அது நூலாயிற்று.

இந்நாவலின் முற்பகுதியில் சிறுகுளம் என்னும் சிற்றூரின் வாழ்க்கை உயிரோடு காட்சியளிக்கின்றது. பெண்களின் ஊர்வம்பும், தமிழாசிரியர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் பேச்சும் அதுவரை தமிழ் உரைநடை காணாதவை. பிற்பகுதியில் கதை வேதாந்த நாட்டத்தை மேற்கொண்டு வேறு திசையில் செல்கின்றது. இம்மாற்றத்துக்கு ஆசிரியரின் மனவளர்ச்சியே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. 1896இல் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியப் பொறுப்பை அவர் ஏற்றமை இதற்குச் சான்று. எனினும் தவணை முறை இம்மாற்றத்துக்கு இடமளித்தது என்பதையும் மறுத்தல் இயலாது. முற்பகுதி அச்சாகிப் படிப்போர் கைக்குச் சென்றபின் பிற்பகுதி எழுதப்படும் முறையில், ஆசிரியர் மாறும்போது நாவலும் இடையிலேயே மாறிவிடும். பின்னர் வந்த கருத்துக்கேற்பத் தொடக்கத்தைச் செப்பனிட வழியில்லை.

அ. மாதவையாவின் (1872–1925) அனுபவம் மற்றொரு வகையினது. அவர் 1892ஆம் ஆண்டு அதே ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். சில தவணைகளோடு அது நின்றது. பெண்களின் நிலையையும் விதவைத் துயரையும் பொருளாகக் கொண்ட அக்கதை ‘முத்து மீனாட்சி’ என்னும் பெயரில் முழு நூலாக வெளிவந்தது 1903ஆம் ஆண்டில்தான். இடையே 1898இல் ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதற் பாகம் வெளிவந்து அவருக்குப் புகழ் ஈட்டியது. உப்பு, சுங்க இலாக்காவில் அலுவல் பார்த்துக்கொண்டே அவர் எழுதினார். வாழ்வின் இறுதியில் 1924ஆம் ஆண்டு ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழைத் தாமே தொடங்கி, பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதிவந்தார். மறுவாண்டு அவர் மறையவே அப்பாகம் முற்றுப்பெறாது நின்றது.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்துக் காணின் ஒன்று புலனாகும். இதழ் ஒரு களமாக அமைந்தது. ஆனால் அக்களம் எழுத்தாளன் கையில் இல்லை. ஒரு தொடர் எப்போது நிற்கும், எவ்வளவு நீளும் என்பவற்றை அவன் முடிவு செய்தல் இயலாது. தன் களத்தைத் தானே அமைக்க முற்பட்ட மாதவையாவின் முயற்சி, பின்னாளில் தமிழ் எழுத்தாளர் பலர் மேற்கொண்ட பாதைக்கு முன்னோடியாகும்.

தொடர்கதை கற்பித்தவை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாவல் படிப்போர் தொகை பெருகியது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களும் மர்ம நாவல்களும் மிகப் பலரால் விரும்பிப் படிக்கப்பெற்றன. 1915ஆம் ஆண்டு தோன்றிய ‘ஆனந்தபோதினி’ தொடர்கதைக்கு நிலையான இடம் கொடுத்தது. ரெயினால்ட்ஸ் முதலியோரின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதும் வழக்கம் இக்காலத்தில் பரவியது. தழுவல் என்பது ஒருவகைப் பயிற்சியாகவும் அமைந்தது. ஆயினும் தமிழ் மண்ணின் வாழ்க்கையை நேரே கண்டு எழுதும் பழக்கத்தை அது தளர்த்தியது என்ற குற்றச்சாட்டும் பின்னர் எழுந்தது.

வை. மு. கோதைநாயகியின் (1901–1960) வரலாறு இங்குக் கருதத்தக்கது. பள்ளிப் படிப்பு இல்லாத அவர் தம் முதல் படைப்பாகிய ‘இந்திரமோகனா’ நாடகத்தைத் தாம் சொல்லத் தோழியைக் கொண்டு எழுதுவித்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஏற்று, அதில் ‘வைதேகி’ நாவலைத் தொடராக வெளியிட்டார். அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒரு பெண் எழுத்தாளர் பிறர் இசைவை எதிர்பாராது தொடர்ந்து எழுதுதற்கு அவர் கைக்கொண்ட வழி, இதழாசிரியராகவும் வெளியீட்டாளராகவும் தாமே ஆகிவிடுவது என்பதாகும்.

1926இல் தோன்றிய ‘ஆனந்த விகடன்’ எஸ். எஸ். வாசன் கைக்கு 1928இல் வந்தபின் தொடர்கதை புதிய வலிமை பெற்றது. ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) அவ்விதழில் ‘கள்வனின் காதலி’ (1937) எழுதினார். 1941இல் தம் பெயரிலேயே தொடங்கிய ‘கல்கி’ இதழில் ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ ஆகியவற்றை எழுதினார்.

வாரந்தோறும் வரும் தொடர்கதை எழுத்தாளனுக்குக் கற்பித்தவை சில உள. ஒவ்வோர் அத்தியாயமும் தனித்து நின்று சுவை தரவேண்டும். முடிவில் ஆவலைத் தூண்டவேண்டும். உரையாடலால் கதை நகரவேண்டும். சொற்கள் எளியவாக இருக்கவேண்டும். இவற்றுள் கல்கி பெற்ற தேர்ச்சி தமிழ் உரைநடைக்கே வலுவூட்டியது. ஆனால் இதழில் குணமாக நிற்பதே நூலில் குற்றமாக மாறுவதும் உண்டு. ஒரு வாரம் கழித்துப் படிப்பவனுக்கு முன் நிகழ்ந்ததை நினைவூட்டுதல் இன்றியமையாதது. அதே பகுதியை நூலில் ஒரே மூச்சில் படிப்பவனுக்கு அது கூறியது கூறலாகும். பல ஆண்டுகள் நீண்டு செல்லும் தொடர், ஆசிரியரின் ஊக்கம் தளர்ந்தவிடத்துச் சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றத்துக்கும் ஆளாகலாம். எனவே தொடர்கதையை நூலாக்கும்போது மீண்டும் ஒருமுறை எழுதுதல் வேண்டும். இத்தேவையைப் பலர் உணரவில்லை. உணர்ந்தவர்க்கும் அடுத்த வாரத் தவணை ஓய்வு தரவில்லை.

இதனால் தொடராக வந்த நாவல் எல்லாம் கலைத்தரம் குறைந்தது எனக் கொள்ளுதல் தவறு. ‘சுதேசமித்திரன்’ வார இதழில் தொடராக வந்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ தமிழின் சிறந்த நாவல்களுள் வைத்து எண்ணப்படுகின்றது. குற்றம் தவணையில் இல்லை. தவணை முடிந்தபின் எழுத்தாளன் செய்யவேண்டிய பணியைச் செய்ய விடாத சூழலில் உள்ளது.

மணிக்கொடி என்னும் அவை

சிறுகதையின் வரலாறு இதனின் வேறுபட்டது. வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. மரம் தன் வாயாற் கதை கூறுவதாக அமைந்த அதில் தாகூரின் கதை ஒன்றன் சாயல் உண்டு என்று ஆய்வாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஆயினும் ஓர் உணர்ச்சியை மையமாகக் கொண்டு, வேண்டாதன தவிர்த்துக் கதையை முடிக்கும் கட்டுக்கோப்பு அதில் தெளிவாக உள்ளது.

இக்கட்டுக்கோப்பு ஒரு தலைமுறையின் பொதுச்சொத்தாக மாறியது ‘மணிக்கொடி’யால் ஆகும். 1933இல் கே. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் இதனை வார இதழாகத் தொடங்கினர். 1935இல் பி. எஸ். ராமையா பொறுப்பேற்றபின் இது சிறுகதைக்கென்றே மாதம் இருமுறை வரும் இதழாக மாறியது. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, சி. சு. செல்லப்பா, மௌனி முதலியோர் இதில் எழுதினர்.

ராமையா தாமே சிறுகதையாசிரியர். ‘ஆனந்த விகடன்’ நடத்திய சிறுகதைப் போட்டியில் ‘மலரும் மணமும்’ என்னும் கதைக்குப் பரிசு பெற்றவர். எழுதத் தெரிந்த ஒருவர் பிறர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்ந்தார் என்பது இவ்விதழின் தனிச்சிறப்பு. மௌனியை எழுதத் தூண்டியவரும், அவருக்கு அப்பெயரைச் சூட்டியவரும் ராமையாவே என்பது இலக்கிய வரலாறு. எழுதியவரே ஒருவர் கதையை மற்றவர் படித்தனர், வாதிட்டனர், தழுவலும் மொழிபெயர்ப்பும் பற்றிப் புதுமைப்பித்தனுக்கும் கல்கிக்கும் நிகழ்ந்த சொற்போர் போன்றவை எழுத்தின் நேர்மையைப் பற்றிய பொது ஆராய்ச்சியாகவே அமைந்தன. பழைய அரங்கேற்ற அவையின் பணியில் ஒரு பகுதியை ‘மணிக்கொடி’ மீண்டும் செய்தது என்று கூறின் மிகையாகாது.

பக்க அளவும் ஓர் ஆசிரியனாயிற்று. சில பக்கங்களில் முடிய வேண்டிய கதையில் மற்றொன்று விரிக்க இடமில்லை. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஒருங்கே நிகழ வேண்டும். கு. ப. ரா. வின் கதைகளில் ஒரு சொல்லைக்கூட நீக்க முடியாத செறிவு இருப்பதற்கு அவர்தம் இயல்போடு இக்கட்டுப்பாடும் காரணம் எனலாம்.

ஆனால் இவ்வவை நிலைக்கவில்லை. பொருள் நெருக்கடியால் ‘மணிக்கொடி’ 1930களின் முடிவோடு நின்றது. அதில் எழுதியவர்கள் கலைந்தனர். கு. ப. ரா. துறையூரில் ‘கிராம ஊழியன்’ இதழின் ஆசிரியராக இருந்தபோது 1944இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மறைந்தார். அப்போது அவருக்கும் வயது 42. களம் ஒன்று சிதைந்தால் அதன்பின் எத்தனை கதைகள் எழுதப்படாமலே போகின்றன என்பதைக் கணக்கிடல் எவராலும் இயலாது.

இதழிலிருந்து நூலுக்கு

இதழில் வந்த கதை நூலாவதற்குள் கடக்கும் இடைவெளியைத் தமிழில் எவரும் தொகுத்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. சில சான்றுகளை மட்டும் இங்கு வைக்கிறோம். புதுமைப்பித்தனின் கதை ‘மணிக்கொடி’யில் 1934இல் வரத் தொடங்கியது, ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுதி 1940இல் வெளிவந்தது. மௌனி 1936 முதல் எழுதினார்; அவருடைய முதல் தொகுதியாகிய ‘அழியாச்சுடர்’ 1959இல்தான் நூலாயிற்று. அவர் வாழ்நாளில் எழுதிய கதைகளோ 24 மட்டுமே. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959இல் ‘சரஸ்வதி’யில் சில பகுதிகள் வந்த அளவில் நின்று, 1966இல் முழு நூலாக வெளிவந்தது.

இவ்விடைவெளி துன்பமா, நன்மையா? இரண்டும் உண்டு. மௌனியைப் போன்ற ஒருவரை ஒரு தலைமுறை படிப்போர் நூல்வழி அறியாமலே போயினர், இது துன்பம். ஓர் இதழ்த் தொடர் அறுபட்டதனால் ஆசிரியர் அந்நாவலைத் தம் விருப்பம்போல் அமைத்து முடிக்கும் காலம் பெற்றார்; இது நன்மை. இடைவெளியைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தியவர்க்கே அது நன்மையாயிற்று என்பதை மறத்தலாகாது.

திருத்தம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய இதழ்ப் படிவத்தையும் நூற்படிவத்தையும் ஒப்பிட வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பு (2000), முதல் வெளியீட்டு விவரங்களையும் பாடவேறுபாடுகளையும் தந்து இவ்வழியைத் திறந்துள்ளது. அதற்கு முன் 1998இல் அவர் தொகுத்த ‘அன்னை இட்ட தீ’, நூலாகாத புதுமைப்பித்தன் எழுத்துகளை வெளிக்கொணர்ந்தது. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகளுக்குப் பின்னரே இப்பணி நிறைவேறியது. சங்க நூல்களுக்குச் சுவடி தேடிய நம் புலமை, அண்மைக் காலத்து இதழ்களைத் தேடுதற்கு இத்துணைக் காலம் எடுத்துக்கொண்டது.

போட்டியும் சந்தாவும்

இதழும் தொடருமன்றி வேறு இரு வழிகளும் இக்காலத்தில் தோன்றின. ஒன்று போட்டி. 1932இல் தொடங்கிய ‘கலைமகள்’ நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் அகிலனின் ‘பெண்’ (1946), ராஜம் கிருஷ்ணனின் ‘பெண்குரல்’ (1953) முதலியவை பரிசு பெற்றன. ‘கல்கி’யின் வெள்ளிவிழாப் போட்டியில் 1966இல் உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பரிசு பெற்றது. போட்டிக்கு வரும் நாவலின் இயல்பு தொடரினின்றும் வேறானது. முதல் அத்தியாயம் அச்சாகுமுன் இறுதி அத்தியாயம் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவர் முழுவதையும் படித்தபின்னரே அது அச்சேறும். அறியப்படாத எழுத்தாளர்க்குப் போட்டி வாயிலாயிற்று என்பதோடு, முழுமையாகத் திட்டமிட்டு எழுதும் பழக்கத்தையும் அது ஊக்கியது.

மற்றொன்று படிப்போரிடமிருந்தே முன்பணம் பெற்று நூல் வெளியிடும் முறை. சத்தியமூர்த்தியின் மகளாகிய லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் நடத்திய ‘வாசகர் வட்டம்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, கிருத்திகாவின் ‘வாஸவேச்வரம்’ ஆகியவை 1966இல் இதன்வழி வெளிவந்தன. ஜானகிராமனின் இரு நாவல்களையும் ஒப்பிடின் வழியின் செல்வாக்கு விளங்கும். ‘மோகமுள்’ பல கிளைகளாய் விரிந்து பரவுவது. ‘அம்மா வந்தாள்’ சிறிய எல்லைக்குள் இறுகி நிற்பது. பொருளுக்கேற்ப வடிவம் அமைந்தது என்பது உண்மையே. ஆயினும் பெரும்பான்மையோர் முகம் சுளிக்கக்கூடிய பொருளைத் தயங்காது எழுதி, இத்துணைச் சுருக்கமாக முடித்து வெளியிடுதற்கு அதனை ஏற்கும் ஒரு களம் முன்னரே அமைந்திருந்தது துணைசெய்தது.

செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’, விமரிசனத்துக்கும் புதுக்கவிதைக்கும் களமாயிற்று. நூல்களைத் தாமே அச்சிட்டுச் சுமந்து சென்று கல்லூரி கல்லூரியாக விற்றவர் அவர். 1997இல் தம் பெருநாவலாகிய ‘சுதந்திர தாக’த்தையும் தாமே வெளியிட்டார், மறுவாண்டு மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு 2001இல் அளிக்கப்பட்டது. மாதவையா தொடங்கிய வழி இதுவே. அதன் பெருமையைப் பாராட்டும் நாம், எழுத்தாளனே அச்சிட்டு எழுத்தாளனே சுமக்கும் நிலை ஓர் இலக்கியச் சமூகத்துக்குப் பெருமையாகாது என்பதையும் உடன் கூறவேண்டும்.

ஒரு தடையும் விடையும்

உண்மைக் கலைஞன் எவ்வழியிலும் வெளிப்பட்டே தீர்வான், வெளியீட்டு வசதி கலைக்குப் புறம்பானது என்று தடை கூறுவார் உளர். இதற்கு விடை எளிது. வெளிப்பட்டவரை மட்டுமே நாம் அறிவோம். வெளிப்படாதவரை எண்ணி ஒப்பிடுதற்கு வழியில்லை. மேலும், வெளிப்பட்டவர் வரலாறே இத்தடைக்கு மறுப்பாக உள்ளது. மாதவையாவின் கதை 11 ஆண்டுகள் காத்திருந்தது. கோதைநாயகி இதழைத் தாமே ஏற்க வேண்டியிருந்தது. ராமையா இல்லையேல் மௌனி எழுதியிருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

கலைத்திறனை விதிகளாகக் கற்பிக்கலாம் என்பார் கருத்தையும் ஈண்டு நோக்க வேண்டும். கதை எழுதும் முறை பற்றி எழுத்தாளர்கள் எழுதிய நூல்கள் தமிழில் உள்ளன, அவை பயனுடையனவே. ஆனால் நன்னூலாரின் பத்துக் குற்றங்களை மனனம் செய்தவன் தன் கதையில் அவற்றைக் காண்பதில்லை. பிறன் ஒருவன் படித்துக் காட்டியபோதே காண்கின்றான். விதியைப் பயன்படச் செய்வது அவையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வெளியீட்டு வழி ஒவ்வொன்றும் தனக்கேற்ற வடிவத்தைப் புனைகதைக்கு அளித்தது என்பது ஒன்று. அச்சேறுமுன் படித்துக் குறை கூறும் ஒருவர் அமைந்த இடத்தில் கலைத்திறன் விரைந்து வளர்ந்தது என்பது இரண்டு. அத்தகைய களங்கள் தமிழில் குறுகிய வாழ்நாளே பெற்றன என்பது மூன்று.

இன்று நிலை தலைகீழாகியுள்ளது. மிகச் சில படிகளையும் குறைந்த செலவில் அச்சிட முடிகின்றது. 1977 முதல் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஆண்டுதோறும் புதிய நாவல்களும் சிறுகதைத் தொகுதிகளும் வந்து குவிகின்றன. அதே வேளையில் பல தலைமுறைகளுக்குக் கதை வழங்கிய இதழ்கள் குறைந்து வருகின்றன. ‘கல்கி’யின் அச்சிதழ் 2020இல் நின்றது. அச்சு எளிதாயிற்று, அவை அரிதாயிற்று. முதற்படியே இறுதிப்படியாக நூலுருப் பெறும் இடர் முன்னெக்காலத்தினும் இன்று மிகுதி.

தமிழ்த்துறைகள் இவ்விடத்துச் செய்யக்கூடிய பணிகள் உள. நாவலையும் சிறுகதையையும் பாடமாக வைக்கும்போது அவற்றின் முதல் வெளியீட்டு விவரத்தையும் பாடத்தின் பகுதியாக்க வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உள்ள பழைய இதழ்களைக் கொண்டு, ஒரு கதையின் இதழ்ப் படிவத்தையும் நூற்படிவத்தையும் ஒப்பிடும் பயிற்சியை முதுகலை மாணவர்க்கு அளிக்க வேண்டும்; ஆசிரியன் எதனை நீக்கினான் என்று காண்பதைவிடச் சிறந்த கதைப்பாடம் வேறில்லை. எழுத விரும்பும் மாணவர் தம் கையெழுத்துப் படியைப் படித்துக் காட்டி, பிறர் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்தும் கூட்டங்களைத் துறைதோறும் அமைத்தல் வேண்டும்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று பேசி அமர்ந்த மாதவையா அங்கேயே உயிர்நீத்தார். அவர் வேண்டிய இடம் தமிழுக்குக் கிடைத்துவிட்டது. அவ்விடத்தில் இருக்கும் நாம், அவர் போன்ற எழுத்தாளர் ஒருவர் இன்று தம் கதையைக் கொண்டுவந்தால் அமர்ந்து கேட்கும் அவையாக நம் துறைகளை ஆக்குதல் வேண்டும்.